வரிகளுக்கு நடுவே விட்ட இடம்

1513ஆம் ஆண்டு ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதப் புத்தகத்தைப் பாடம் நடத்தத் தொடங்கிய மார்ட்டின் லூதர், மாணவர்களுக்காக அதைத் தனியே அச்சிடச் செய்தார். வரிக்கும் வரிக்கும் நடுவே நிறைய இடம், ஓரங்களிலும் தாராளமாக இடம். ஆசிரியர் சொல்லும் விளக்கத்தை எழுதிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. விசுவாசம் ஒரே நொடியில் மாறிவிடும் என்று எண்ணுகிறவர்கள் அந்தத் தாள்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இடிமின்னலுக்கு நடுவே உயிர்ப்பயத்தில் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டு, 1505இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தவர் லூதர். உபவாசம், கண்விழிப்பு, ஜெபம் எதிலும் குறை வைக்கவில்லை. மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். ஆனாலும் மனம் அடங்கவில்லை. தேவநீதி என்றால் பாவியைத் தண்டிக்கிற நீதி என்றே அவருக்குக் கற்பித்திருந்தார்கள். அப்படிப்பட்ட நீதியைத் தாம் வெறுத்ததாக, இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1545இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அவரைப் படிக்கவும் போதிக்கவும் தள்ளியவர், அவருடைய துறவற சபையின் தலைவரான ஸ்டாபிட்ஸ்.

சங்கீதத்துக்குப் பிறகு ரோமர் நிருபம், அதன்பின் கலாத்தியர், எபிரெயர் என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நீண்டது. உமது நீதியினால் என்னை விடுவியும் என்று 31ஆம் சங்கீதத்தில் சங்கீதக்காரன் மன்றாடுகிறான். தண்டிக்கப்போகிற நீதியிடம் யாராவது விடுதலை கேட்பார்களா? ரோமர் முதல் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தை இரவும் பகலும் யோசித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அந்த நீதி மனிதனை அளக்கும் கோல் அல்ல; விசுவாசிக்கிறவனுக்குத் தேவன் இலவசமாகத் தருகிற ஈவு. இந்தத் தெளிவு வந்தது எந்த ஆண்டில்? 1515ஐ ஒட்டி என்பார் சிலர், 1518 என்பார் வேறு சிலர். அறிஞர்களால் நாள் குறிக்க முடியாத அளவுக்கு அது மெல்ல மெல்ல விடிந்திருக்கிறது.

ஈவாக வந்த நீதி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. நற்செயல் பரலோகத்துக்குக் கட்டும் விலை இல்லை என்று ஆனபின், அது அயலானுக்கு உரியதாயிற்று. 1523இல் லைஸ்னிக் என்ற சிற்றூர், ஏழைகளையும் அநாதைகளையும் தாங்கப் பொதுநிதிப் பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதன் ஒழுங்குமுறைக்கு முன்னுரை எழுதியவர் லூதர்.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. 1543இல் இதே லூதர், யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி எழுதினார். இஸ்ரவேலுக்கு எதிராகப் பெருமை பாராட்டாதே என்று புறஜாதி விசுவாசியைப் பவுல் எச்சரிப்பதும் ரோமர் நிருபத்தில்தான், 11ஆம் அதிகாரத்தில். லூதர் வகுப்பில் விளக்கிய அதிகாரம் அது. கிருபையால் நீதிமானானேன் என்று போதித்தவர் அந்த மக்களுக்கு இழைத்த அநீதிக்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

ரோமர் நிருபத்தைக் கையில் எடுக்கிறவர்கள் மனதுக்கு ஆறுதலான 17ஆம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். 11ஆம் அதிகாரம் வரைக்கும், அதற்குப் பின்னும் வாசியுங்கள்.