கலப்புக்கு அல்ல, கட்டாயத்துக்கே எதிர்ப்பு

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு முதலில் 2030-க்குத்தான் வைக்கப்பட்டது. 2022-இல் கொள்கையைத் திருத்தி அதை 2025-26-க்கு முன்னிழுத்தார்கள். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டிகளில் மைலேஜ் குறையும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது: இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதம், காருக்கு 6 முதல் 7. அதற்கு ஈடாக விலை குறைய வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. கலப்பு வந்துவிட்டது, விலைக் குறைப்பு வரவில்லை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பழைய பைக்கில் வேலைக்குப் போகிறவர்தான் இந்த நஷ்டத்தைச் சுமக்கிறார்.

கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி, அந்நியச் செலாவணி மிச்சமாகுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் நாடு மிச்சம் பிடிப்பதற்கான செலவை வண்டிக்காரர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? எத்தனால் தயாரிக்க வாங்குவதால் நம் மானாவாரி மக்காச்சோளத்துக்கு விலை கிடைக்குமே என்பது இன்னும் வலுவான வாதம். ஆலையின் எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த விலை உண்டு; கரிசல் காட்டு விவசாயியின் மூட்டைக்கு அந்த உறுதி இல்லை. எத்தனாலுக்கு மக்காச்சோளம் போனதால், அதை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் பெருமளவு இறக்குமதி செய்தது. கோழித்தீவனச் செலவும் ஏறியது.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதனால் கோரிக்கை தவறாகிவிடாது. 10 சதவீதக் கலப்பையும் பெட்ரோல் பங்கில் விற்கட்டும், 20 சதவீதக் கலப்பின் விலையைக் குறைக்கட்டும். எதைப் போடுவது என்பதை வண்டிக்காரர் முடிவு செய்யட்டும்.