முடிச்சு

மார்செய்யில் இருக்கும் பேரன், மே மாதம் வெர்தோன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறப் போகிறானாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனாயிற்றே நான்! வழிகாட்டிப் புத்தகத்தின் பக்கங்களை அனுப்பச் சொல்லி வாசித்தேன். வயிற்றைக் கலக்கியது. 700 மீட்டர் வரை ஆழம். சாலையோ மேலே. பல இடங்களில் கயிற்றில் முதலில் இறங்கிவிட்டு, பிறகுதான் ஏறி வரவேண்டும். பாதியில் கை ஓய்ந்தால்? மழை பிடித்தால்?

பழைய குமாஸ்தா புத்தி, கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு போன் செய்தேன். தண்ணீர், தலைக்கவசம், மழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். 'டிக்' போட்டுக்கொண்டே வந்தேன்.

"இறங்கும்போது கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடுவாயா? இல்லாவிட்டால் நுனி கையை விட்டு நழுவிவிடுமாமே?"

சற்று மௌனம்.

"சில சமயம் மறந்துடுவேன், தாத்தா."

அந்த வரிக்கு மட்டும் இன்னும் 'டிக்' போடவில்லை. அவன் மேலே ஏறி வந்து போன் செய்யட்டும்.