மணிமுத்தாற்றில் இட்ட பொன்

விருத்தாசலம் என்றவுடன் இங்கு வரும் அன்பர்களில் பாதிப்பேருக்குப் புதுமைப்பித்தன் நினைவுக்கு வருவார். அது அவருடைய இயற்பெயர். ஆனால் இன்று நாம் எழுத வந்திருப்பது ஊராகிய விருத்தாசலத்தைப் பற்றி. அதிலும் அவ்வூரில் ஒரு வங்கிக் கிளையின் பின்னறையில் இருந்த சில கணினிப் பெட்டிகளைப் பற்றி. இலக்கியப் பக்கத்தில் கணினிப் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். சுந்தரரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழையப் போகிறோம்.

திருமுதுகுன்றம் என்பது இவ்வூரின் பழம்பெயர். பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதைச் சுமந்து செல்ல மனமின்றி மணிமுத்தாற்றில் இட்டார் என்பதும், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி அதை எடுத்துக்கொண்டார் என்பதும் பெரியபுராணம் சொல்லும் வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழி இதையொட்டிப் பிறந்தது என்பார்கள்.

நாம் அப்போது கடலூர் வட்டாரக் கிளைகளின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருந்தோம். விருத்தாசலம் கிளை 2007-இல் மையக் கணினியோடு இணைக்கப்பட்ட நாளில், சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்த மூத்த எழுத்தர் ஒருவர் சொன்னார்: “சுந்தரருக்கு அன்னைக்கே இருந்த வசதி சார். இந்தக் கிளையில போட்டு எந்தக் கிளையிலயும் எடுக்கலாம். நமக்கு இப்பத்தான் வந்திருக்கு.” எல்லாரும் சிரித்தோம். அந்தக் கதையில் நாம் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஊரை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். விருத்தாசலம் பீங்கான் தொழில் ஊர். பீங்கான் தொழிற்பேட்டை ஒன்றும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கெனவே ஒரு கல்விக்கூடமும் இங்கு உண்டு. அருகில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையில் சுட்டால் மின்கம்பத்துக் காப்பான்களும் ப்யூஸ் கட்டைகளும் கிடைக்கின்றன. பொம்மைகளும் உண்டு. சிறு பட்டறைகள் பல. அச்சிலிருந்து வந்த துண்டுகளின் பிசிறை நீக்கி அடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வாரக்கூலி சனிக்கிழமைதோறும். அந்தக் கூலிக்கான பணம் சனிக்கிழமை முற்பகலில் நமது கிளையிலிருந்து போகும்.

இனி அந்தப் பின்னறை. 2001 சனவரி 1-ஆம் தேதிக்குள் பொதுத்துறை வங்கிகள் தம் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பணித்திருந்தது. அந்த அவசரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வழங்கி, அதாவது நாம் வழக்கமாக ‘சர்வர்’ என்று அழைப்பது, வந்து சேர்ந்தது. பின்னர் ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு பெட்டி. முகப்புக் கணினிகளைப் பிணைக்க ஒன்று, தொலைபேசிக் கம்பியில் பேச ஒரு மோடம், பணம் தரும் எந்திரத்துக்குத் தனியாக ஒரு மோடம், ரூட்டர் ஒன்று, உள் தொலைபேசிகளுக்கு ஒரு சிறு இணைப்பகம், மாடியில் செயற்கைக்கோளைப் பார்த்தபடி வெள்ளைக் கிண்ணம், அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. இவை அனைத்துக்கும் மின்சாரம் தர யூ.பி.எஸ். ஒன்றும், வரிசையாக அமில மின்கலங்களும். மின்கலங்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொழிற்பேட்டையின் வெண்களிமண் தூசு விசிறிகளில் திருநீறு போலப் படிந்திருக்கும். மாதம் ஒருமுறை தூரிகையோடு போய் அதைத் துடைப்பதும் நமது பணிகளில் ஒன்று.

ஒவ்வொரு மாலையும் கணக்கை முடித்து, அன்றைய தரவுகளை நாடாவில் படியெடுத்து, ஊழியர் ஒருவர் அதைத் துணிப்பையில் போட்டு வேறொரு கிளைக்குக் கொண்டுபோய் வைப்பார். மழைநாளில் அந்தப் பை சட்டைக்குள் போகும். வழங்கி பழுதானால் கடலூரிலிருந்து நாம் பேருந்தேற வேண்டும். ஐம்பது கிளைகளில் ஐம்பது வழங்கிகள்; ஐம்பது விதமான பழுதுகள். கணக்கில் கைவைக்க நினைப்பவனுக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வழங்கி அவன் மேசைக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக்குவது என்ற கொள்கை வந்தபோது நாம் அதை மனமார வரவேற்றோம். இதை மறைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் அப்போது காற்று அப்படித்தான் வீசியது. ரூட்டர், தீயரண், தொலைபேசி இணைப்பகம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய கருவி வரிசையைச் சிஸ்கோ நிறுவனம் 2004-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே எந்திரத்தில் பல வழங்கிகளைக் குடிவைக்கும் மெய்நிகர்ப்படுத்தும் முறையும் பரவிக்கொண்டிருந்தது. கிளை வழங்கியை அகற்றி, கணக்குகளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, கிளையில் ஒரே பெட்டியை மட்டும் விட்டுவைத்தோம். மின்செலவு குறைந்தது. அறை குளிர்ந்தது. துணிப்பை ஓய்வு பெற்றது. திருப்பூரில் வேலைபார்க்கும் மகன் அங்கே செலுத்திய பணத்தைத் தாய் அன்றே இங்கே எடுத்துக்கொண்டாள். அந்தத் தாயின் முகத்தைக் கண்டவர் எவரும் பழைய முறைக்காக ஏங்கமாட்டார்.

அந்த உற்சாகத்தில் நாம் இன்னொன்றும் செய்தோம். முன்பு சொன்ன மூத்த எழுத்தர், தினமும் மாலையில் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் உடையவர். மையக் கணினி வந்த பிறகும் அதை விடவில்லை. 2008-இல் நாம் அதை நிறுத்தச் சொன்னோம். தாள் வீண், மை வீண், எல்லாம் சென்னையில் இருக்கிறது என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “சரி சார்” என்றார். அவ்வளவுதான்.

2011 திசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் அன்று காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. ஆண்டிறுதி வேலைக்காக நாம் முதல்நாளே விருத்தாசலத்தில் தங்கியிருந்தோம். மறுநாள் சனிக்கிழமை, கூலிநாள். அதற்கடுத்த நாள் புத்தாண்டு.

கிளையைத் திறந்தோம். தரைவழிக் கம்பி அறுந்திருந்தது. அதற்கு மாற்றாகத்தான் மாடியில் கிண்ணம் இருந்தது. அது காற்றில் திரும்பிப் போயிருந்தது. இரண்டு மணி நேரம் போராடி அதை மறுபடி வானத்துக்கு நேராக நிறுத்தினோம். பிறகு மின்னாக்கியை இயக்கினோம். மின்னழுத்தம் ஒருமுறை எகிறியது. கருகிய வாசனை வந்தது. கருகியது நமது ஒற்றைப் பெட்டி. தரைவழியும் வான்வழியும் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தொலைபேசி இணைப்பகமும் அதற்குள்தான். இரண்டு பாதைகள் வைத்திருந்தோம், இரண்டுக்கும் ஒரே வாசலை வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

பெட்டகத்தில் பணம் இருந்தது. முகப்பில் ஊழியர்கள் இருந்தார்கள். வாடிக்கையாளர்கள் எதிரே இருந்தார்கள். யாருடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கிளையில் இல்லை. கையொப்ப அட்டைகள்கூட இல்லை. அவையும் படமெடுக்கப்பட்டுச் சென்னைக்குப் போயிருந்தன. முப்பது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் ஒருவர் காசோலையோடு நின்றிருந்தார். இருபது ஆண்டுகளாக அந்தக் கிளைக்கு வருபவர். மேலாளருக்கு அவரைத் தெரியும். அவருடைய கையெழுத்தும் தெரியும். ஆனால் இருப்பைப் பாராமல் பணம் தர மேலாளருக்கு அதிகாரம் கிடையாது.

“சார், பணம் உங்க பெட்டியிலதான் இருக்கு. என் கணக்கு மெட்ராசுல இருக்கு. நடுவுல நான் நிக்கிறேன். ஆளுங்க கேட்டுல நிக்கிறாங்க. வீட்டுல கூரை போனவங்க சார் பாதிப்பேரு. என்ன சொல்லட்டும்?”

மேலாளர் நம்மைப் பார்த்தார். மூத்த எழுத்தர் அலமாரியின் காலித் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நம்மைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அந்த மனிதர் வட்டிக்கு வாங்கி ஆளுக்குப் பாதிக் கூலி கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். மரங்கள் சாய்ந்து கிடந்த சாலைகளைக் கடந்து மாற்றுப் பெட்டி திங்கட்கிழமை இரவு வந்தது. செவ்வாய்க்கிழமை கிளை உயிர்பெற்றது. அவர் வந்து மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பொழுது போகாமல் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தோம். மின்சாரமில்லாத ஒரு பட்டறையின் வாசலில் சுட்டு முடித்த ப்யூஸ் கட்டைகள் குவிந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தோம். இந்த ஊர் செய்து விற்கும் பொருளின் பயன் என்ன? ஒரு வரியில் கோளாறு நேர்ந்தால் அந்த வரி மட்டும் அணைய வேண்டும். மற்ற அறைகளில் விளக்கு எரிய வேண்டும். அதற்காகத்தான் வரிக்கு ஒரு கட்டை வைக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று போதுமே, செலவு மிச்சமே என்று எந்த மின்பணியாளரும் சொல்வதில்லை. நாம் சொல்லியிருந்தோம்.

பெட்டிகளை ஒன்றாக்கியது பிழையென்று இன்றும் நாம் கருதவில்லை. ஊரகக் கிளை அஞ்சலகங்களுக்காக 2017 திசம்பரில் தொடங்கிய தர்பண் திட்டத்தில் கணினி, அச்சுப்பொறி, செல்பேசி இணைப்பு எல்லாம் கைக்குள் அடங்கும் ஒரே கருவியாக வந்தன. மின்னேற்றச் சூரியத் தகடும் உடன் வந்தது. மின்சாரம் நிலையில்லாத சிற்றூருக்கு அது பொருத்தமான ஒருங்கிணைப்பு. பிழை வேறிடத்தில் இருக்கிறது. கருவிகளை ஒன்றாக்கும்போது, பழுதாகும் வழிகளையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறோம். மையத்தில் இது நேர்ந்தால் விளைவு இன்னும் பெரிது. 2024 சூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. நாடெங்கும் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் சேவை மீளும்வரை தடைபட்டது. அந்த வங்கிகள் தனித்தனியே எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

புயலுக்குப் பின் நாம் மேலிடத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் எழுதினோம். மாவட்டத்துக்கு ஒரு மாற்றுப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் கணக்கு இருப்புகளின் படி ஒன்று, பூட்டிய நிலையில், கிளையிலேயே தங்க வேண்டும். இணைப்பு அற்ற நாளில் அந்தப் படியைப் பார்த்து ஒரு வரம்புக்குட்பட்ட தொகையைத் தர மேலாளருக்கு அதிகாரம் வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது, நாம் ஓய்வுபெறும்வரை கிடைக்கவில்லை. பின்னறையிலிருந்து நாம் அகற்றியவற்றுள், வழங்கியைவிடத் திருப்பித் தருவதற்கு அரிதானது அதுதான் என்று விளங்கிக்கொண்டோம்.

இப்போது கூலி பல இடங்களில் கைப்பேசி வழியே போகிறது. இணைப்புகளும் முன்னைவிட உறுதி. ஆயினும் ஒரு புதுப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், இது ஒன்று அணைந்தால் எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள் என்று எண்ணிப்பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

சுந்தரர் கதையில் நாம் மறந்த பகுதி இதுதான். பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் இறைவனைப் பாடி, மாற்றுச் சரியான பிறகே ஏற்றுக்கொண்டார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். கொடுத்தவன் இறைவன், காத்தவன் இறைவன். அப்படியிருந்தும் தம்பிரான் தோழர் ஒரு துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டார்.

மூத்த எழுத்தரின் அலமாரித் தட்டில் மாலைதோறும் இருந்ததும் அதுதான்.