எந்தக் கறுப்பு?

நமக்கு வயது முப்பத்தைந்து. தோட்டத்து ஆபீசில் கிராணி உத்தியோகம். சம்பளப் பட்டியலில் ஒரு காசு பிசகினாலும் கண்டுபிடிக்கும் நமக்கு, நம் தலைமயிரின் நிறம் இன்னதென்று சென்ற வருஷம் வரையில் தெரியாதிருந்தது என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

கறுப்பு என்றே எண்ணியிருந்தோம். காதோரம் நரை கண்டிருந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின இரவு, பட்டணத்துக் கடையில் வாங்கிய 1-ஆம் எண் சாயத்தைக் குளியலறையில் நின்று பூசிக்கொண்டோம். விடிந்ததும் அன்னையார் கண்டு, "ஏம்பா, தலையிலே தாரு ஊத்திக்கிட்டியா?" என்றார். பெண் வீட்டார் ஒன்றும் கூறவில்லை. பெண்ணின் தகப்பனார் மட்டும் நம் நரைத்த புருவத்தையும் தலையையும் மாறி மாறி நோக்கினார். பிறகு தகவல் ஏதும் வரவில்லை. சாயத்தினால்தான் என்று சாதிக்க மாட்டோம்; ஆயினும் அந்தப் பார்வையை மறந்தோமில்லை.

மறுவாரம் பழுப்புச் சாயம் வாங்கி அதன்மேல் பூசினோம். கறுப்பு அசையவில்லை. பூசிய சாயத்தை மற்றொரு சாயம் வெளுக்கச் செய்யாது என்பதை, ஆங்கிலப் பள்ளியில் இரசாயனம் படித்த நாம் அன்றுதான் கற்றோம்! அது வளர்ந்து, கத்தரிக்கு இரையாகி ஒழியப் பல மாதங்கள் சென்றன.

நிற்க. பெட்டியின் மேலுள்ள எண்ணின் பொருளை இப்போது அறிவோம். 1 கருங்கறுப்பு, எண் ஏற ஏற நிறம் வெளிறி, 10-இல் பொன்னிறமாகும். சீப்பில் சிக்கிய மயிரொன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பென்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆழ்ந்த பழுப்பே. அதற்கு இசைவது 2 அல்லது 3. இரண்டுக்கும் நடுவே மனம் தடுமாறினால் வெளிறியதையே எடுக்க வேண்டும். போதாவிடில் பின்னர்க் கருக்கலாம். கருத்துவிட்டதை மீட்பது எளிதன்று. கரிய மயிர் வெளிறும்போது உள்ளிருக்கும் செம்மை தலைகாட்டும். அதை அடக்கச் சாம்பல் சாயலுள்ள சாயம் உதவும்.

நிறத்தினும் பெரிது ஒன்றுண்டு. பல சாயங்களில் சேரும் பாராபினைலின்டயமின் என்னும் சரக்கு சிலர் தோலுக்கு ஆகாது. கருஞ்சாயத்தில் அது மிகுதி. பலமுறை பூசியும் ஒன்றும் நேராதவருக்கு ஒருநாள் திடீரென நேரலாம். "பத்து வருஷமாகப் பூசுகிறேன், எனக்கென்ன சோதனை?" என்ற நம் ஆபீஸ் நண்பர், இமைகள் இரண்டும் வீங்கிக் கண் திறக்கமாட்டாமல் மூன்று நாள் விடுப்பில் கிடந்தார். 48 மணி நேரம் முன்னதாகச் சிறிது தடவிப் பார்க்கும்படி பெட்டிக்குள்ளிருந்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. பொடி எழுத்து; நாமும் முதல் தடவை அதைப் படித்தவரல்லோம்.

வரும் ஞாயிறு ஈப்போவில் மற்றொரு பெண் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். இன்று வியாழன். வலக்காதின் பின்னே 3-ஆம் எண் சாயம் ஒரு சொட்டுத் தடவியிருக்கிறோம். அரித்தால் நரையோடே வருவோம் என்று அன்னையாரிடம் சொல்லி வைத்தோம்.

"அரிக்காட்டியும் அப்படியே வாயேன்" என்கிறார்.