ஆஸ்பத்திரிக்கு அடியில ஒரு அனல் உலகம்!

ஆஸ்பத்திரின்னா டாக்டர், நர்ஸ், டெட்டால் வாசனை... அவ்ளோதானா பாஸ்? சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். கதவைத் திறந்ததுமே முகத்தில் அறையுது அனல். பாய்லர் ரூம்!

ஆபரேஷன் கத்திரியையும் துணியையும் கிருமி நீக்குற ஆட்டோகிளேவுக்கு 121 இல்லேன்னா 134 டிகிரி நீராவி வேணும். அது இங்கிருந்துதான் போகுது. பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கு முதல் பாடம், கண்ணாடிக் குழாயில் தண்ணி மட்டம் பார்க்கிறது. மட்டமே தெரியலைன்னா பதறிப்போய் தண்ணியைத் திறந்துவிடக் கூடாது. பழுத்த இரும்பில் தண்ணி பட்டா குபீர்னு ஆவியாகி, பாய்லரே வெடிக்கலாம். முதல்ல நெருப்பை அணைக்கணும்!

அடுத்த ரூம் சில்லர். இங்கிருந்து சுமார் 7 டிகிரியில் கிளம்புற தண்ணி, தியேட்டர் சூட்டை வாங்கிக்கிட்டு 12 டிகிரியில் திரும்புது. அந்தச் சூட்டை மொட்டைமாடி கூலிங் டவர் காத்துல விட்டுடும்.

டவர்தானேன்னு அசால்ட்டா விட முடியாது. 1985-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில், டவர் தண்ணியில் வளர்ந்த லெஜியோனெல்லா பாக்டீரியா ஏசி வழியா பரவி 28 பேர் இறந்தாங்க. அதான் இங்கே தண்ணி டெஸ்ட், மருந்து கலக்குறதுன்னு அவ்வளவு கறார்.

1923-ம் வருஷ பாய்லர் சட்டம் போய், 2025-ல் புதுச் சட்டம் வந்தாச்சு. ஆனாலும், சான்றிதழ் வாங்கின ஆள் பொறுப்பில்தான் பாய்லர் ஓடணும்.

மேலே ஆபரேஷன் சக்சஸ்னா கும்பிடு டாக்டருக்கு. கீழே இருக்கிற அண்ணன்களுக்கு, பிரஷர் முள் ஆடாம நின்னாலே அதுதான் கைதட்டல்!