கண்ணுக்குள்ள ஒரு கணக்கு

கண்புரை ஆபரேஷன்ல வைக்கிற மல்டிஃபோக்கல் லென்ஸ் பாத்திருக்கீங்களா? சிலதுல மேல வளையம் வளையமா படிகள், உயரம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். அதுல படற ஒளி தூரத்துக்கும் கிட்டத்துக்குமா ரெண்டாப் பிரியுது. படியோட உயரம், வளையத்தோட அகலம் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. நானும் 1972ல வந்த கெர்ச்பெர்க்-சாக்ஸ்டன் அல்காரிதத்தை ஓட்டிப் பார்த்தேன். ம்ஹூம்! சரிபாதியா பிரிச்சா ஆளுக்கு 40.5 சதவீதம். மிச்சம் 19 வீண்தான் (கோட்பாட்டு எல்லையே அதான்).

அதுகூடப் பரவால்ல. ஒரு குவியத்துல பார்க்கும்போது இன்னொரு குவியத்தோட ஒளி கலங்கலா விரிஞ்சு, எதிர்ல வர்ற லாரி லைட்டைச் சுத்தி வட்டமாத் தெரியும். எங்கப்பா திண்டிவனம்-விழுப்புரம் ரூட்ல ராத்திரி வேன் ஓட்டறவர்.

"கண்ணாடியே வேணாம்ங்கறாங்களேடா?"

"ராத்திரி சவாரியை விட்டாத்தாம்ப்பா."

ஒத்தைக் குவிய லென்ஸே வச்சாச்சு. தினத்தந்திக்கு மட்டும் கண்ணாடி.