காவிரியின் தென்கரையில் ஒரு வாடகை வீடு

உறையூர்,
திருச்சிராப்பள்ளி.

அன்புள்ள மக்கா,

திருச்சியில் எந்தப் பக்கம் வீடு எடுத்தாய், ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாய். உறையூர் என்று ஒரே வார்த்தையில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்த வருஷம் உனக்கும் இங்கே மாறுதல் வரலாம் என்கிறாய். உன் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் நான் அலைந்து பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநகராட்சியில் எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர். அன்றைய நம் நாகர்கோவிலைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சென்னையைப் பார்த்தவனுக்கு இது சின்ன ஊர், நம்மைப் போன்றவனுக்குப் பெரிய ஊர். ஊருக்கு நடு என்று ஒன்று இல்லை. வடக்கே மலைக்கோட்டையை ஒட்டிச் சத்திரம் பேருந்து நிலையம், தெற்கே ரயில்வே ஜங்ஷன். எந்த வீட்டைக் கேட்டாலும் "சத்திரத்துக்குப் பத்து நிமிஷம், ஜங்ஷனுக்குக் கால் மணி நேரம்" என்றுதான் சொல்வார்கள். வெளியூர்ப் பேருந்துகள் 2025 முதல் பஞ்சப்பூருக்குப் போய்விட்டதால் மதுரை ரோட்டுப் பக்கம் மூன்றாவதாக ஒரு மையம் முளைத்துக்கொண்டிருக்கிறது. மனை விற்கிறவர்களின் பலகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

இங்கே வந்த பிறகு எனக்குப் புரிந்த ஒரு விஷயம், இந்த ஊரின் ஒவ்வொரு பகுதியும் யாரோ ஒருவருடைய வேலைக்காக உண்டானது. கோயிலுக்காக ஒன்று, ரயிலுக்காக ஒன்று, பட்டாளத்துக்காக ஒன்று, கல்லூரிக்காக ஒன்று, தறிக்காக ஒன்று. அந்த வேலை தேய்ந்துபோன பிறகும் தெருவின் நேரம் மாறுவதில்லை. கடை எப்போது திறக்கும், பஸ் எப்போது நிற்காமல் போகும், எந்த மணிக்குத் தெரு அடங்கும் என்பதெல்லாம் பழைய வேலை வைத்த கணக்குப்படியே நடக்கிறது. அந்தக் கணக்கு நம் வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வீடு பார்ப்பதில் பாதி.

அம்மைக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்க ஆசை. யாருக்குத்தான் இருக்காது? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற தீவு. ஏழு பிராகாரம், அதில் வெளிப் பிராகாரங்களில் சனங்கள் குடியிருக்கிறார்கள். கோயிலுக்குள்ளேயே மளிகைக் கடை, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லாம் உண்டு. 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தின் கீழே வழியாகப் பால்காரர் சைக்கிளில் போகிறார். சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகள் முன்னால் திண்ணையும் பின்னால் கிணறுமாக நீண்டு கிடக்கின்றன. அம்மா மண்டபம் படித்துறைக்கு அம்மை தினமும் போகலாம். இவ்வளவு இருந்தும் நாங்கள் வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் பாலம். என் அலுவலகம் கண்டோன்மெண்டில், பையனின் பள்ளிக்கூடமும் தென்கரையில். சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவில் உள்ள காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. அதை 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடி, திறக்கச் சில மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் தீவு சனங்கள் புறவழிச்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போன கதையை ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூடாத நாளிலும் காலை எட்டரைக்கு அந்தப் பாலத்தில் நின்று பார், உனக்கே தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கும் தேருக்கும் ஊரே அங்கே திரளும். கோயிலே வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். ஒன்பதே முக்காலுக்குக் கைநாட்டு வைக்க வேண்டியவனுக்கு அது சரிவராது.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கலாம் என்று உன் மாமா சொல்லிக்கொண்டிருந்தாரே, அவரிடம் அடிமனைப் பிரச்சினையை விசாரிக்கச் சொல். பல வீடுகள் நிற்கிற மண்ணுக்குக் கோயில் உரிமை சொல்கிறது, பத்திரப்பதிவில் சிக்கல் உண்டு. வாடகைக்கு இருப்பவனுக்கு அதனால் தொந்தரவு இல்லை. வாங்குகிறவன் வக்கீலை வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

பொன்மலையை நீ பார்த்தால் விடமாட்டாய். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனையை இங்கே கொண்டுவந்தார்கள். ஊட்டி மலை ரயிலுக்கு இன்றைக்கும் நீராவி எஞ்சின் செய்து கொடுக்கிற இடம். காலனி முழுக்க நிழல் மரம், அகலமான தெரு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. 1946 செப்டம்பர் 5-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஐந்து தொழிலாளிகளை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். வேலை செய்கிறவனுக்கு மரியாதை இருக்கிற இடம் என்று நுழைந்ததுமே தெரியும். ஆனால் நல்ல வீடுகளெல்லாம் ரயில்வே குடியிருப்பு, வெளியாட்களுக்குக் கிடையாது. ஓரத்தில் பொன்மலைப்பட்டி, சுப்பிரமணியபுரம் பக்கம் தனியார் வீடு கிடைக்கும். உனக்குக் கிழக்கே திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வேலை என்றால் முதலில் அங்கே பார். பெல் தொழிற்சாலையும் என்.ஐ.டி.யும் அந்தத் தஞ்சாவூர் ரோட்டில்தான் இருக்கின்றன, ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. அரியமங்கலத்தை ஒட்டி வீடு சொன்னால் மட்டும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொள். மாநகராட்சியின் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டினார்கள்.

கே.கே. நகர் விமான நிலையத்துப் பக்கம், அமைதியான இடம். கார் இருந்தால் நல்லது. தில்லைநகர் பணக்காரத் தெரு. பத்துக்கு மேற்பட்ட குறுக்குத் தெருக்கள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிளினிக், துணிக்கடை, கோச்சிங் சென்டர். வாடகையும் அதற்கேற்ப.

இதுவரை எழுதியதெல்லாம் யார் கேட்டாலும் சொல்வார்கள். இனி எழுதப்போவது தண்ணீர். முக்கடல் அணைத் தண்ணீரும் இரண்டு பருவ மழையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத விசாரணை. திருச்சிக்குக் குடிநீர் காவிரி, கொள்ளிடம் மணலுக்குள் இறக்கிய பெரிய கிணறுகளிலிருந்து வருகிறது. மேலே பார்த்தால் வெறும் மணல்வெளி, அடியில் ஊற்று. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் மினரல் வாட்டர் கேன் வாங்க மனசு வராது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது ஒரேபோல் வருவதில்லை. "கார்ப்பரேஷன் தண்ணி வருது" என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள், பிறகு பக்கத்து வீட்டில் குடம் வைத்து நிற்கிற அம்மாவிடம் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், சம்ப்பில் விழுமா, மோட்டார் போட வேண்டுமா என்று கேள். போர் தண்ணீரைக் கையில் ஊற்றிச் சோப்புப் போட்டுப் பார். நுரை வராவிட்டால் உப்பு. தலைமுடி முதல் பாத்திரம் வரை அந்த உப்பு தன் வேலையைக் காட்டும்.

வராத தண்ணீர் ஒரு கவலை என்றால் வந்துவிடுகிற தண்ணீர் இன்னொரு கவலை. ஊரின் மேற்கே கோரையாறும் குடமுருட்டியும் ஓடுகின்றன. வருஷத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடப்பதால் வெளியூர்க்காரன் கண்ணில் அவை ஆறாகவே படாது. 2005 நவம்பரில் அவை கரை உடைத்து மேற்குப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. வயலூர் ரோடு, உறையூரின் மேற்கு ஓரம் எல்லாம் அதில் அகப்பட்டவை. அதனால் நான் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் டீக்கடையில் உட்கார்ந்து, "ரெண்டாயிரத்து அஞ்சுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டேன். பெரியவர்கள் சுவரில் கையை வைத்துக் காட்டுகிறார்கள். சிலர் இடுப்புக்கு, சிலர் முழங்காலுக்கு. ஒரு தெருவில், "இங்க வரலை தம்பி, அந்த மூலையோட நின்னுருச்சு" என்றார் ஒருவர். அந்தத் தெருவில்தான் வீடு எடுத்தேன்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் தொடச் சுடும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள வீட்டை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் எடுக்காதே, மேலே இன்னொரு மாடி இருக்கிற வீட்டைப் பார். ஆடி மாசம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு எந்த ஜன்னல் திறக்கும் என்பதையும் பார்.

உறையூர் முற்காலச் சோழர் தலைநகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா? இன்றைக்கு இங்கே அரண்மனையும் இல்லை கோட்டையும் இல்லை. கிரேக்கக் கடலோடி ஒருவன் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த குறிப்பில் இந்த ஊர் மெல்லிய துணியின் பெயர் வருகிறது. நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது என்றாலும் நின்றுவிடவில்லை. வெக்காளியம்மன் கோயிலில் அம்மனுக்கு மேலே கூரை கிடையாது. மண்மாரி பெய்து ஊர் புதைந்தபோது வீடிழந்த சனங்களுக்கு வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்றாளாம். வீடு தேடி வந்தவன் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எப்படி வேறு பேட்டைக்குப் போவான்? பங்குனியில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளே ஆற்றைக் கடந்து இங்குள்ள நாச்சியார் கோயிலுக்கு வருகிறார். அம்மைக்கு இதைச் சொன்னதும் தீவை விட்ட வருத்தம் பாதி தீர்ந்தது.

ஆனால் உறையூரை முடிவு செய்தது கோயில் அல்ல. நம் வீடுகளில் எல்லோரும் வீடு பார்க்கும்போது சம்பாதிக்கிறவனின் அலுவலகத்திலிருந்து தூரத்தை அளக்கிறார்கள். நான் அம்மையின் காலிலிருந்து அளந்தேன். நான் எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. முழங்கால் வலிக்கிற ஒரு மனுஷி யார் துணையும் இல்லாமல் போய்வர முடிகிற தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவளுக்கு ஊர். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் என் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்க வேண்டியவை. நாகர்கோவிலில் அவளுக்கு வடசேரிச் சந்தையும் நாகராஜா கோயிலும் தானே போகிற இடங்களாக இருந்தன. அதை இழந்துவிட்டு மகனோடு இருக்கிறேன் என்று ஒரு தாய் சொல்வதில் எவ்வளவு வேதனை இருக்கும் என்று யோசித்துப் பார்.

இங்கே தெருமுனையில் காய்கறி, மருந்துக்கடை, பால். கொஞ்சம் நடந்தால் நாச்சியார் கோயில். சாலைரோட்டுக்குப் போனால் சத்திரத்துக்கு பஸ். பஸ் விஷயத்திலும் ஒன்று கவனி: திருச்சியில் தனியார் டவுன் பஸ் நிறைய. வேகமாக வரும், பாட்டுப் போடும், ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டும், ஏறுவதற்குள் கிளப்பிவிடுவான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அரசு பஸ் அடிக்கடி வருகிற தெருவா என்று நின்று பார்த்துவிட்டு முடிவு செய். அம்மை இப்போது தானாகப் பஸ் ஏறித் தென்னூர் உழவர் சந்தைக்குப் போய்வருகிறாள். புத்தூர் அரசு மருத்துவமனையும் தில்லைநகர் டாக்டர்களும் ஆட்டோவில் குறைந்த செலவுக்குள் இருக்கிறார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சிமார் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போது அம்மைக்கும் ஒன்று போடுகிறார்கள். அவள் பேசுகிற நாஞ்சில் தமிழ் முதலில் அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது, இப்போது அவர்களே திருப்பிப் பேசிக் காட்டுகிறார்கள்.

குறையும் இருக்கிறது. தெருக்கள் குறுகல், கார் உள்ளே வராது. உய்யக்கொண்டான் வாய்க்காலை முதல் முறை பார்த்தபோது வயிறு எரிந்தது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரித்துச் சோழர் காலத்தில் வெட்டிய வாய்க்கால், இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது, ஊருக்குள் அதில் சாக்கடையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கொசுவும் அதன் வழியே வருகிறது. ஜன்னலுக்கு வலை அடித்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் முன்பே பேசிக்கொள்.

ஒப்பந்தத்தையும் வாயால் முடிக்காதே. 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எழுத்தில் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும். கரண்டுக்குத் தனி மீட்டரா, இல்லை வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா என்று கேள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. போகியத்துக்கும் சிலர் கேட்பார்கள். மொத்தப் பணத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

நீ வருவதானால் திருவனந்தபுரம் இன்டர்சிட்டியில் ஏறு, ஜங்ஷனுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். பஸ் என்றால் பஞ்சப்பூரில் இறங்கிச் சத்திரம் போகிற டவுன் பஸ் பிடி. அதற்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் செய். உன் வீட்டில் யார் யார் எவ்வளவு தூரம் நடப்பார்கள், அப்பா எந்த டாக்டரிடம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை போகிறார், சின்னவள் சைக்கிள் ஓட்டுவாளா, இதையெல்லாம் எழுதி அனுப்பு. அதை வைத்துக்கொண்டு புத்தூர், பீமநகர், சுப்பிரமணியபுரம் மூன்றிலும் தெருத்தெருவாக விசாரித்து வைக்கிறேன். வரும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவா. காவிரிக்கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அம்மைக்கு மட்டிதான் வேண்டுமாம்.

உன்,
மக்கா